பிளாஸ்கில் குளிர்ந்த காப்பி

அம்மாவுக்கு மதுரையில் பாதி வைத்தியம் முடிந்து, மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியபோது, டாக்டர் என்னிடம் ஒரே ஓர் எண்ணைத்தான் சொன்னார். நாற்பது.

"இப்ப நாற்பத்திரண்டு கிலோ இருக்காங்க. திரும்பி வரும்போது நாற்பதுக்குக் கீழே இறங்கியிருந்தா மீதிப் பாதியை உடம்பு தாங்காது. வைக்க மாட்டோம்."

மீதிப் பாதி வைக்காவிட்டால் முதல் பாதி வைத்ததற்கும் பலன் இல்லை என்பதை அவர் சொல்லவில்லை. அருப்புக்கோட்டையில் நான்கு வருடமாக ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தமும் சளியும் பார்க்கிறவளுக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருப்பார். நான் நோட்டை எடுத்து 40 என்று எழுதி வட்டம் போட்டேன். எழுதி வைத்தால் எதையும் செய்து முடித்துவிடலாம் என்று அப்போது எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

அம்மாவின் இடது கன்னத்துக்கு உள்ளே புண். முப்பது வருடமாகப் புகையிலை ஒதுக்கிய இடம். அதன் உண்மையான பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. "வாய்ப்புண்ணு. மதுரையில கரண்டு வைக்கிறாக" என்று அப்பா கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லுவார். கரண்டு என்று அவர் சொன்ன கதிர்வீச்சில் புண் சுருங்கியிருந்தது. ஆனால் வாய் முழுவதும் தோல் உரிந்து வெந்துபோயிருந்தது. காரியாபட்டி தாண்டி பஸ் வரும் வழியெல்லாம் அம்மா ஈரத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். கத்தரி வெயில். வெடித்த கரிசலில் ஓர் ஆடுகூட இல்லை.

எங்கள் வீடு கடைக்குப் பின்கட்டு. கடை மிளகாய் மண்டி. வாய் வெந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத வீடு இருக்க முடியாது. மூட்டையைத் தட்டினால் நெடி பின்கட்டு வரை வரும். அப்பா நடைவாசலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, மணிக்கு ஒரு தடவை தானே தண்ணீர் தெளித்தார். சாக்கு எப்போதும் ஈரமாக இருந்தது.

முதல் மூன்று நாள் நோட்டில் எழுதியது இப்படி இருக்கிறது. கஞ்சி, இரண்டு வாய், துப்பிவிட்டாள். மோர், எரிகிறது. இளநீர், அதுவும் எரிகிறது. பால், வாடை என்று டம்ளரையே நகர்த்திவிட்டாள். இட்லியைப் பாலில் கரைத்தது, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். நாலாவது நாள் காலையில் நான் அடுப்படியில் எனக்குக் காப்பி கலந்துகொண்டிருந்தபோது படுக்கையிலிருந்து சத்தம் வந்தது. நாக்குத் தடித்துப் பேச்சு குழறியதால், வாசனை வந்த திசையைக் கையால் காட்டினாள்.

அம்மா ஒரு நாளைக்கு நான்கு காப்பி குடித்து வாழ்ந்தவள். சூடாக. அடுப்பிலிருந்து இறக்கிய சூடு. அந்தச் சூட்டை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. ஆகவே கலந்து, ஆற்றி, அரை மணி நேரம் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா டம்ளரைத் தொட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எனக்குமா?" என்றாள்.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஆறிப்போன காப்பி கொடுத்தால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. பரளச்சிப் பக்கமிருந்தும் திருச்சுழிப் பக்கமிருந்தும் சரக்குக் கொண்டு வருகிறவர்களுக்குக் கடையில் உட்கார்ந்ததும் காப்பி வரும். ஆவி பறந்தால் பேச்சு நல்லபடி முடியும். ஆறியது வந்தால், ஐயா கிளம்பலாம் என்று பொருள். யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். என்னைப் பெண் கேட்டு ஒரு கூட்டம் வந்தபோது, மாப்பிள்ளையின் தாயார் என் வேலையை விடச் சொல்லிப் பேச்சை ஆரம்பித்தார். அம்மா சிரித்த முகத்தோடு உள்ளே போனாள். காப்பியைக் கலந்து அடுப்படியில் வைத்து, கால் மணி நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். பிறகு எடுத்துப்போய்க் கொடுத்தாள். அவர்கள் டம்ளரைத் தொட்டதும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார்கள். நானும் அப்பாவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

அப்படிப்பட்டவளுக்கு நான் ஆறிய காப்பியை நீட்டியிருந்தேன்.

அன்று ஆய்வுக்கூடத்தில் குழாய்களைக் கழுவும்போது இதையே யோசித்தேன். ஆறிய காப்பியில் அம்மாவுக்குப் பிடிக்காதது குளிர்ச்சியா, ஆறினதா? இரண்டும் ஒன்றில்லை. கலந்த காப்பி தானாக ஆறும்போது ஏடு கட்டுகிறது, நுரை செத்துப்போகிறது, பால் ஒரு வாடையைப் பிடித்துக்கொள்கிறது. டிகாஷனையும் பாலையும் தனித்தனியாகக் குளிரவைத்துக் கடைசி நிமிஷத்தில் கலந்தால் அது ஆறின காப்பி ஆகாது. வேறு ஒரு காப்பி. குளிர்ந்தே பிறந்த காப்பி.

அதற்கு ஐஸ் வேண்டும். வீட்டில் குளிர்பெட்டி கிடையாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு குளிர்பெட்டி இருந்தது. மருந்துகளுக்கும் ரத்தத்துக்கும் உரியது, காப்பிக்கு இல்லை. அந்த மூன்று வாரமும் அதைத் திறந்து மூடும்போதெல்லாம் முகத்தில் படும் குளிரை ஒரு கணம் கூடுதலாக வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் குச்சி ஐஸ் கம்பெனி இருந்தது. சர்பத் கடைகளுக்குப் பாளம் பாளமாக ஐஸும் வெட்டிக் கொடுப்பார்கள். நான் வேலை முடிந்து, கையில் மூடி போட்ட வாளியோடு அங்கே போய் நின்றேன். வெட்டிக்கொண்டிருந்தவர் என்னை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறார்.

"வாங்கக்கா. ரத்தம் குத்துற அக்கா வந்திருக்காக, ஏலே, சாக்க விரி. எம்புட்டு வேணும்?"

"மூணு கிலோ. தினமும்."

"தெனமுமா! ஆஸ்பத்திரியில பொணம் கிணம் வச்சிருக்கீகளா?"

உள்ளேயிருந்து இன்னொருவர், "வாயக் கழுவுடா, வெள்ளிக்கெழம அதுவுமா" என்றார்.

"காப்பிக்கு" என்றேன்.

வெட்டுகிறவர் ஊசியை ஐஸில் குத்தியபடியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த ஊருல ஒரு சூட்டுக் காப்பி நல்லாக் கெடைக்கல. நீங்க ஐஸு போட்டா குடிக்கப் போறீக?"

ஐஸ் போட்டுக் குடிப்பதற்கில்லை. அந்த ஐஸ் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்த் தண்ணீரில் பாதி, வாயில் வைத்தால் கரிக்கும். அதைக் காப்பிக்குள் போட்டால் காப்பியும் கெடும், வயிறும் கெடும். ஐஸ் வெளியே, பாத்திரம் உள்ளே. சாக்கில் சுற்றி, உமி நிரப்பிய மரப்பெட்டிக்குள் புதைத்து வைத்தால் மறுநாள் காலை வரை பாதியாவது மிஞ்சும்.

செய்முறை பிடிபட நான்கு நாள் ஆனது. டிகாஷன் வழக்கத்தைவிட மூன்று மடங்கு திடமாக இருக்க வேண்டும். குளிர்ந்தால் நாக்குக்குக் கசப்பும் தெரியாது, வாசமும் தெரியாது. சீனியைச் சூட்டு டிகாஷனிலேயே கரைத்துவிட வேண்டும், குளிர்ந்த பிறகு போட்டால் அடியில் மணலாகக் கிடக்கும். பாலைக் கிண்டிக்கொண்டே காய்ச்சி, ஒரு லிட்டர் அரை லிட்டராகச் சுண்டும்வரை அடுப்படியில் நிற்க வேண்டும். ஏடு படிய விடக் கூடாது. துணியில் வடிகட்ட வேண்டும். சூட்டோடு ஐஸில் வைத்தால் ஐஸ்தான் வீண். முதலில் பானைத் தண்ணீரில் வைத்து ஆறவிட்டு, பிறகு ஐஸைத் தட்டி ஒரு கை கல்லுப்புப் போட்டு அதற்குள் இறக்க வேண்டும். உப்புப் போட்டால் ஐஸ் தன்னைவிடக் குளிர்ந்துபோகும் என்பது ஆய்வுக்கூடப் பயிற்சியில் படித்தது. அதைப் படித்ததால் வீட்டுக்கு வந்த ஒரே பலன் இதுதான்.

சுண்டிய பாலை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. பால் என்றால் குடிக்க மாட்டாள். காப்பிக்குள் வைத்துக் கடத்தினேன். ஒரு நாள் முந்திரியை மையாக அரைத்தும் கலந்தேன். ஒரே வாயில், "இதென்ன, பாயாசமா?" என்று திருப்பித் தந்துவிட்டாள்.

குளிர்ச்சிக்கும் ஓர் அளவு தேவைப்பட்டது. வீட்டுக்கென்று ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, டம்ளரில் விட்டுப் பார்த்து எழுதினேன். எட்டு டிகிரியில் பல் கூசியது. இருபதில் "ஆறினது" ஆகிவிட்டது. பன்னிரண்டில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். அப்புறம் நுரை. நுரை இல்லாத காப்பியை அம்மா காப்பி என்று ஒப்புக்கொள்ள மாட்டாள். மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, கை சோரும்வரை குலுக்கினேன். டம்ளரில் ஊற்றியபோது இரண்டு விரல் உயரத்துக்கு நுரை நின்றது. அம்மா டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு குளிர்ந்ததில் இவ்வளவு நுரை எப்படி என்று அவளுக்குப் புரியவில்லை. இது வேண்டுமென்றே போட்ட காப்பி என்பது மட்டும் புரிந்தது. குடித்தாள். ஒரு டம்ளருக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

நான்கு மணிக்கு எழுந்தால்தான் ஏழரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். போகும்போது பிளாஸ்கில் பகலுக்கான காப்பியை நிரப்பி, அம்மாவின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போவேன். சூட்டைக் காக்கிற பிளாஸ்க் குளிர்ச்சியையும் காக்கும் என்று சொன்னபோது அப்பா நம்பவில்லை. மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். கடையில் ஆள் இல்லாத நேரம் வந்து ஊற்றிக் கொடுப்பது அவர் வேலை. அவருக்காகவும், அவர் வர முடியாத நேரம் எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்காகவும் சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினேன்.

1. பிளாஸ்கில் இருப்பது குளிர்ந்த காப்பி. சுட வைக்கக் கூடாது.
2. பத்து மணிக்கு ஒரு டம்ளர், ஒன்றரைக்கு ஒரு டம்ளர்.
3. ஐந்து தடவை ஆற்றினால் போதும், நுரை வந்துவிடும்.
4. குடித்ததும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும்.
5. மிச்சம் வைத்தால் எவ்வளவு என்று எழுதவும்.

அப்பா கடை விவகாரம் மாதிரியே அதைக் கடைப்பிடித்தார். "ஒரு வாய் மிச்சம்", "மிச்சம் இல்லை" என்று தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருப்பார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எடை பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்த எடைக்கருவி முள் ஒட்டிக்கொண்டு கிடந்தது. கடையில் மூட்டை நிறுக்கிற பிளாட்பாரத் தராசு இருந்தது. அப்பாவிடம் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"மூட்ட நிறுக்கிற தராசுலயா? என்னத்தா பேசுற. அது மகாலட்சுமி ஏறுற எடம்."

அம்மா படுக்கையிலிருந்து குழறிக் குழறிச் சொன்னாள். "அப்ப நான் யாரு? மூதேவியா? ஏத்துங்க என்னய."

அப்பா போய்த் தராசுப் பலகையைத் தானே தண்ணீர் விட்டுக் கழுவி, வெள்ளை வேட்டியை நான்காக மடித்து விரித்துவிட்டு வந்தார். நாற்பத்தொன்றரை. ஒரு வாரத்தில் அரைக் கிலோதான் போயிருந்தது. நான் அதை எழுதிவிட்டு, வேட்டியை மடித்துக் கொடுத்துவிட்டு, பின்கட்டுக்கு வந்து தண்ணீர்ப் பானைப் பக்கத்தில் நின்றபடியே பழைய சோறு சாப்பிட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது.

அடுத்த வியாழக்கிழமை பாலவனத்தத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் மூத்த அக்காள். மஞ்சள் பையில் இரண்டு சேலை, ஒரு சீசாவில் நல்லெண்ணெய், கையில் வெற்றிலைப் பெட்டி. வெற்றிலைப் பெட்டியைப் பார்த்ததும் அம்மாவின் முகம் போன போக்கைக் கண்டு, அதைத் திரும்பப் பைக்குள்ளேயே வைத்தாள். நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "நீ போயிட்டு வா தாயி. இனிமே நான் பாத்துக்கிறேன். ஒடஞ்சு போயிட்டயே, மூஞ்சியப் பாரு" என்றாள். அந்த வார்த்தையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதை மறைக்க அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. சொல்லவில்லை. தாள்தான் சுவரில் இருக்கிறதே.

மாலை நான்கு மணிக்கு ஐஸ் வாளியோடு திரும்பி வந்தபோது பிளாஸ்க் காலியாக இருந்தது. சந்தோஷப்பட்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தம்பிய நீ கடையப் பாருன்னுட்டேன். ரெண்டு டம்ளரும் குடிச்சிட்டா உங்க ஆத்தா. பச்சப்புள்ள மாதிரி. ஆனா இந்தப் பிளாஸ்க்க மாத்தணும் தாயி, உள்ளுக்க விட்டுப்போச்சு. காப்பி பச்சத்தண்ணியாக் கெடந்துச்சு. நான்தான் நல்லாக் கொதிக்க வச்சு ஆத்திக் குடுத்தேன்."

நான் வாளியைக் கீழே வைத்தேன். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டார்ச் அடித்து வாயைப் பார்த்தேன். ஆறத் தொடங்கியிருந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பொத்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா குடிச்ச? கையால தள்ளக் கூடாதா?"

அம்மாவுக்குப் பேச முடியவில்லை. ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. "மதினி. ஊருலருந்து வந்து. கொண்டாந்து குடுக்காக. வேணாம்னா எப்படி."

அத்தை இதையெல்லாம் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய்ச் சுவரில் இருந்த தாளைக் காட்டினேன். சத்தம் போடவில்லை. ஆனால் என் விரல் அந்த முதல் வரியில் ஏறக்குறைய குத்தியது. அத்தை தாளைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதே, தாயி" என்றாள். "கோயில் நோட்டீசுன்னுல நெனச்சேன்."

அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். என் கல்யாணத்துக்கு நல்ல நாள் எப்போது வரும் என்று நாள்காட்டியை என்னிடமே கொடுத்துப் பார்க்கச் சொல்லுகிறவள். அந்தத் தாளை ஒட்டும்போது யாருக்கெல்லாம் என்று யோசித்தேன்; அப்பாவுக்கு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு, எனக்கு. ஐந்து வரி எழுதினேன். வாயைத் திறந்து ஒரு வரி சொல்ல அன்று காலையில் எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

மூன்று நாள் அம்மாவுக்குத் தண்ணீர் மட்டும்தான் இறங்கியது, அதுவும் ஸ்பூனில். ஞாயிற்றுக்கிழமை தராசில் நாற்பதே கால். ஒரு வாரம் மிச்சம் இருந்தது.

புண் கொஞ்சம் அடங்கிய பிறகும் அம்மா காப்பியைத் தொடவில்லை. குளிர்ந்த டம்ளரைக் கொண்டுபோனால் அத்தையின் கையில் இருக்கும் டம்ளரைக் கண்ணால் காட்டுவாள். அதில் ஆவி பறக்கும். விருந்தாளி சூடாகக் குடிக்கும்போது தான் மட்டும் குளிர்ந்ததைக் குடிப்பதா என்று அவளுக்கு. இருவர் இருக்கும் இடத்தில் ஒருவருக்கு ஆறியது கொடுத்தால் அவர் வேண்டாதவர். அவளே நடத்திவந்த சட்டம், அவளுக்கு எதிராகவே வந்து நின்றது. அத்தை ஊருக்குப் போய்விட்டால் நல்லது என்று நான் மனதார விரும்பினேன். அவளோ, "கெடுத்தது நானு. தேத்திட்டுத்தான் போவேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெள்ளைத் தோல் ஞாபகம் வந்தது. பேச்சைக் குறைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை. நான்கு மணிக்கு எழுந்து, பாலைச் சுண்டவைத்து, டிகாஷன் இறக்கி, ஐஸ் தட்டி, குலுக்கி முடித்தேன். அடுத்தது அப்பாவுக்கும் அத்தைக்கும் சூட்டுக் காப்பி. மறுபடி அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். தீப்பெட்டியைக் கையில் எடுத்தேன். பற்றவைக்க என்னால் முடியவில்லை. இதில் யோசனை எதுவும் இல்லை, கை எழும்பவில்லை, அவ்வளவுதான். பாட்டிலில் இருந்ததை நான்கு டம்ளரில் பங்கு போட்டுக் கொண்டுபோய் வைத்தேன்.

அப்பா டம்ளரைத் தொட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்னத்தா. எங்க மேல கோவமா?"

"இல்லப்பா. அலுப்பு."

அத்தை எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, மருந்து குடிக்கிறவள் மாதிரி டம்ளரை அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டாள். அடுத்த கணம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்தாடி! ஏ தாயி, பல்லு கழண்டு கையில வந்துரும் போலருக்கே! இதையா இந்த மனுசி தெனம் குடிச்சா?"

"மூச்ச விட்டு மெதுவாக் குடிங்க அத்த."

"எங்கிட்டு மூச்ச விட. நெஞ்சுல போயி நிக்கிது."

அப்பா உறிஞ்சினார். முகம் கோணியது. "நல்லாத்தான இருக்கு" என்றார், யாரும் நம்பாத குரலில்.

படுக்கையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அம்மா சிரித்தாள். சிரித்ததில் வாய் வலித்து, வலித்ததில் கண்ணில் தண்ணீர் வந்து, கையை நீட்டித் தன் டம்ளரை வாங்கிக்கொண்டாள். அத்தையைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். அத்தை ஒரு வாய் குடித்தால் அம்மா ஒரு வாய். அத்தை நிறுத்தினால் அம்மாவும் நிறுத்துவாள். அத்தைக்கு அது புரிந்துவிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் குளிர்ந்த காப்பிதான். ஐஸ் மூன்று கிலோ ஐந்து கிலோவானது. வாளி கனத்தது, தோள்பட்டை இரண்டும் விட்டுப்போனது. ஐஸ் கம்பெனிக்காரர், "கடை கிடை போட்டுட்டீகளாக்கா?" என்றார். அடுப்படி வேலையைப் பாதி அத்தை வாங்கிக்கொண்டாள். தாளில் இருப்பதை ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மறுதடவை அவளே விரல் மடக்கி ஐந்தையும் ஒப்பித்தாள். பரளச்சியிலிருந்து சரக்குக் கொண்டுவந்த ஒருவருக்கு அப்பா ஓர் உற்சாகத்தில் அந்தக் காப்பியைக் கொடுக்கப்போக, அவர் டம்ளரைத் தொட்டுவிட்டு, "மொதலாளி, என் வத்தல் வேணாம்னா நேராச் சொல்லிருங்க" என்று எழுந்துவிட்டார். அப்பா அவரைக் கையைப் பிடித்து உட்காரவைக்கப் பட்ட பாடு பின்கட்டு வரை கேட்டது.

மதுரைக்குப் போகும் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் தராசு நாற்பதைக் காட்டியது. அதற்கு மேல் ஒரு மயிரிழை.

"நம்ம தராசு சரி. அங்கன உள்ளது எப்படியோ" என்றார் அப்பா. மறுநாள் அத்தையும் கூடக் கிளம்பினாள். பஸ்ஸில் பிளாஸ்கை அப்பாவே மடியில் வைத்துக்கொண்டார். காரியாபட்டி தாண்டியதும் ஒரு டம்ளர் ஊற்றி அம்மாவிடம் நீட்டினார். அவள் குடித்து முடித்ததும் இன்னொரு டம்ளர். அரை லிட்டர் காப்பி அரைக் கிலோ. எனக்கும் கணக்குத் தெரியும்; அவருக்கு அதைவிட நன்றாகத் தெரியும். வத்தலில் தண்ணீர் தெளித்து எடையேற்றிக் கொண்டுவருகிறவர்களை அவர் கடைப்படி ஏற விட்டதில்லை. அன்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "இன்னும் ஒரு வாய்" என்றார். அம்மா மறுக்காமல் வாங்கினாள். மதுரை வருவதற்குள் பிளாஸ்க் காலி.

ஆஸ்பத்திரி வரிசையில் அம்மா ஒரு மணி நேரம் நின்றாள். ஒதுங்கிவிட்டு வருகிறாயா என்று அத்தை கேட்டதற்கு, எடை பார்த்த பிறகுதான் என்று தலையை ஆட்டிவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். முள் ஆடி நின்றது. நாற்பதும் ஒரு கோடும். நர்ஸ் எழுதிக்கொண்டார்.

அந்தக் கோடு என்ன என்பது எனக்குத் தெரியும். தவறான அளவை எழுதிக் கையெழுத்துப் போட என்னைப் பழக்கவில்லை. டாக்டர் சீட்டைப் பார்த்தபோது நான் சொன்னேன். "வர்ற வழியில அரை லிட்டர் காப்பி குடிச்சிருக்காங்க சார். அதையும் சேத்துத்தான் நாற்பது."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் அம்மாவின் வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அரை லிட்டரா? எத்தனை நேரத்துல?"

"காரியாபட்டியிலருந்து மதுரைக்குள்ள."

"இந்த வாயோட?"

"குளிர்ந்த காப்பி சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "மத்தவங்களால ஒரு டம்ளர் தண்ணி இறக்க முடியல. அரை லிட்டர் இறங்குதுன்னா எனக்கு எடை பத்திக் கவலையில்ல. நாளைக்குக் காலையில ஆரம்பிச்சிடலாம்." பிறகு, அதே குரலில், "அதை எப்படிப் போடறதுன்னு நர்ஸுகிட்ட எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். கீழே, வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லவும் என்றும் எழுதினேன்.

மீதிப் பாதியும் வைத்து, புண் ஆறி, அம்மா மறுபடி சூட்டுக் காப்பியை வாயில் வைக்க ஐப்பசி மழை வந்துவிட்டது. அதெல்லாம் பிறகு. அன்று அம்மாவை வார்டில் சேர்த்துவிட்டு, கூட இருக்க அத்தையை விட்டுவிட்டு, நானும் அப்பாவும் ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மறுநாள் எனக்கு வேலை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அத்தை தன் மஞ்சள் பையைத் துழாவி, துணி சுற்றிய ஒரு சிறிய தூக்குச்சட்டியை எடுத்தாள்.

"ஒனக்குன்னு தனியா எடுத்து வச்சேன். நாந்தான் போட்டது. குடி."

வாங்கினேன். டிகாஷன் போதவில்லை. சீனி இரண்டு மடங்கு. நுரை இல்லை. குளிர்ச்சி போய் இருபதைத் தாண்டியிருக்கும். எங்கள் வீட்டு வழக்கப்படி, எழுந்து போ என்று சொல்லுகிற காப்பி.

பெஞ்சின் பின்கட்டையில் சாய்ந்துகொண்டு, கடைசி வரை உட்கார்ந்தே குடித்தேன்.